அவளுக்குக் கூச்சம், நான் பேசிக்கிறேன்

அவகிட்ட கேக்காதீங்க, எங்கிட்ட கேளுங்க. அவ எம் மருமக, சுகப்பிரியா. அவளுக்குக் கூச்சம், புது ஆளப் பாத்தா வாய் வராது. எங்க போறீங்கன்னுதான கேட்டீங்க? யூனியன் ஆபீசுக்குப் போறோம். எலெக்சன் வருதுல்ல, பஞ்சாயத்துத் தலைவருக்கு இவ நிக்கிறா. மனு குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாளு, மூணு மணி அடிச்சா கதவ மூடிருவாங்க. கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்துக்கங்க, மூணு பேரு சீட்டுதான இது.

நீங்க டீச்சர்தான? பையப் பாத்தாலே தெரியுது. இல்லையா? சரி, எதுவா இருந்தா என்ன, டீச்சர் மாதிரிதான் இருக்கீங்க.

ஏப்பா கண்டக்டரு, ரெண்டு யூனியன் ஆபீசு. பொம்பள டிக்கெட்டு ரெண்டு. அவகிட்ட என்னத்தக் கேக்குற, அவ எங்க போவா, என்கூடத்தான் வருவா.

பேசத் தெரியாத புள்ளைய எதுக்கு இவ தலைவருக்கு நிக்க வைக்கிறான்னு நீங்க நெனைக்கிறது எனக்குத் தெரியுது டீச்சர். ஊர்லயும் அதத்தான் கேக்குறாளுக. நான் என்ன சொன்னேன்னா, அவளுக்குப் படிப்பு இருக்கு, எனக்கு வாய் இருக்கு. தலைவர்னா செக்குல கையெழுத்துப் போடணும், இங்கிலீசுல வர்ற காயிதத்த வாசிக்கணும். அத அவ பாக்கட்டும். கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுறத நான் பாத்துக்கிறேன். நீ நின்னா மட்டும் போதும்டி, பேச நான் இருக்கேன்லன்னு சொல்லிட்டேன். அவளும் தலைய ஆட்டிட்டா. ஆட்டுனியாடி இல்லையா? பாத்தீங்களா, இப்பவும் ஆட்டத்தான் செய்யிறா.

இந்த வாய் எனக்குப் பொறக்கும்போதே இருந்துச்சுன்னு நெனைச்சுராதீங்க. இது நான் அடிச்சுப் புடிச்சு வாங்குன வாய். யாரும் குடுக்கல.

நான் வார்டு மெம்பருக்கு நின்னதே கூத்து. எங்க வார்டு பொம்பளைகளுக்குன்னு ஆயிருச்சு, இல்லாட்டி எங்க வீட்டுக்காரருதான் நின்னிருப்பாரு. முந்தியெல்லாம் அவரு பேரச் சொல்ல மாட்டேன். இப்ப என்ன பயம், நல்லதம்பி. அவருதான் வந்து, "நீ நின்னா மட்டும் போதும் பஞ்சவர்ணம், பேச நான் இருக்கேன்ல"ன்னாரு. போஸ்டர் அடிச்சாக. அதுல முக்காவாசிக்கு அவரு கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு, மூலையில ஸ்டாம்பு சைசுக்கு நானு. வீடு வீடா ஓட்டுக் கேக்கப் போனப்ப ஒருத்தி எம் மூஞ்சியப் பாத்துட்டு, "நீயும் நல்லதம்பிக்குத்தான் ஓட்டுக் கேக்குறியா"ன்னு கேட்டா. நானும் ஆமான்னுட்டேன். என்னத்தச் சொல்ல.

செயிச்சாச்சு. கிராம சபைக் கூட்டம் போட்டாங்க. எம் பக்கத்துல ஒரு நாக்காலிய இழுத்துப் போட்டு அவரு உக்காந்துக்கிட்டாரு. ஆபீசரு எம் பக்கம் திரும்பி, "மெம்பர் என்ன சொல்றீங்க"ன்னாரு. எந்திரிச்சேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. இவரு எந்திரிச்சு, "அவளுக்குக் கூச்சம் சார், நான் பேசிக்கிறேன்"ன்னு மைக்க வாங்கிக்கிட்டாரு. எல்லாரும் சரி சரின்னாங்க. அடுத்த கூட்டத்துலயும் அதே. அதுக்கடுத்த கூட்டத்துல என்னைய யாரும் கேக்கவே இல்ல, நேரா அவருகிட்ட மைக்கு போயிருச்சு. எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

ஆனா பஸ்ஸு விசயம் அப்பிடி இல்ல டீச்சர்.

இந்த வண்டி, இப்ப நாம உக்காந்து வர்றோமே, இது அப்ப எங்க ஊருக்குள்ள வராது. ஒரு காலத்துல வந்துச்சு. பைபாஸ் போட்டாங்க, வண்டி மேலோடயே போயிருச்சு. அதுக்கப்புறம் பைபாசு வரைக்கும் நடந்து வந்து, லாரிகளுக்கு நடுவுல நின்னு கை காட்டணும். டிரைவரு மனசு வச்சா நிக்கும். எம் மக தனக்கொடி பத்தாவதுல நல்ல மார்க்கு. மேல படிக்கணும்னா இந்தப் பக்கம்தான் வந்தாகணும். கொஞ்ச நாளு நடந்தா. ஒரு நா லாரி ஒண்ணு ஒரசிட்டுப் போயிருச்சு. புள்ளைக்கு ஒண்ணுமில்ல, பைதான் கிழிஞ்சு புத்தகமெல்லாம் ரோட்டுல கெடந்துச்சு. அன்னைக்கே அவுக அப்பா படிச்சது போதும்னுட்டாரு. அந்தப் புள்ள அழுகல. சீருடையத் தொவச்சு, காய வச்சு, மடிச்சுப் பொட்டியில வச்சுச்சு. வயசு வரவும் கட்டிக் குடுத்தாச்சு, நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் ஆறல. இன்னைக்கு வரைக்கும் ஆறல.

இவருகிட்ட சொல்லுவேன், கூட்டத்துல பஸ்ஸப் பத்திப் பேசுங்க, நம்ம புள்ளைக்குத்தான் இல்லாமப் போச்சு, ஊருல மத்த புள்ளைகளுக்காச்சும் வரட்டும்னு. பேசுறேன் பேசுறேன்பாரு. மைக்கப் பிடிச்சா ஊரு முகப்புல வளைவு கட்டணும்பாரு, மடைக்குச் சிமிண்டு பூசணும்பாரு. பஸ்ஸு மட்டும் வாயில வராது. அவருக்கு என்ன, பைக்கு இருக்கு.

என்னடி? சும்மா இரு, பேசிக்கிட்டிருக்கேன்ல.

சரி, நம்மளே பேசிருவோம்னு முடிவு பண்ணேன். இந்த பொம்பள மெம்பருகளுக்கெல்லாம் பயிற்சி வைப்பாங்க டீச்சர், சோறெல்லாம் நல்லாப் போடுவாங்க. அங்க ஒரு மேடம், "எதுத்தாப்ல இருக்குறவங்கள எல்லாம் முட்டக்கோசுன்னு நெனைச்சுக்கங்க, பயம் போயிரும்"னாங்க. நான் முட்டக்கோசு எத்தன அரிஞ்சிருக்கேன். அது திரும்பி மொறைக்காது. இவனுக மொறைக்கிறானுக. இன்னொன்னும் சொன்னாங்க, கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுங்கன்னு. எங்க வீட்டுக் கண்ணாடியில பாதி மூஞ்சிதான் தெரியும். பாதி மூஞ்சிக்கு முன்னாடி நல்லாத்தான் பேசுனேன்.

ஆகஸ்டு பதினஞ்சு கூட்டத்துக்கு ஒரு தாள்ல எழுதிக்கிட்டே போயிட்டேன். எந்திரிச்சேன். "எல்லாருக்கும் வணக்கம்"னேன். அதோட சரி. தாள் ஆடுன ஆட்டத்துல எழுத்து ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, உக்காந்துட்டேன். இவரு எந்திரிச்சு வளைவு கட்டணும்னாரு. அதுக்கப்புறம் நான் கொழாயடிக்குத் தண்ணிக்குப் போனாப் போதும், இளவட்டப் பயலுக "எல்லாருக்கும் வணக்கம்"பானுக. இவரும் சிரிச்சாரு டீச்சர். அவனுக சிரிச்சத மறந்துட்டேன், இவரு சிரிச்சத மறக்கல.

மணி என்ன? ரெண்டா? அப்ப நெறையா நேரம் கெடக்கு.

பெறகு சனவரி இருபத்தாறு. அன்னைக்கு யூனியன் ஆபீசரோட பஸ் டெப்போவுலருந்தும் ஒரு ஆளு வந்திருந்தாரு, ஒல்லியா. இத விட்டா அந்த ஆளு நம்ம ஊருக்கு இனி வர மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா கூட்டத்துல ஆளே இல்ல. அறுப்பு நேரம். எங்க பக்கம் சேத்து வயலு, மிசினு எறங்காது, அதனால பொம்பளைக அம்புட்டுப் பேரும் கருதறுக்கப் போயிட்டாக. பத்து இருவது ஆம்பளைக பீடியக் குடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறானுக. மைக்குல பேசுறது ஊருக்கே கேக்கட்டும்னு தண்ணித் தொட்டி மேல நாலு பக்கமும் கொழா ரேடியோவக் கட்டி வச்சிருந்தாக.

நான் எந்திரிச்சு மைக்கப் பிடிச்சேன். "எல்லாருக்கும் வணக்கம்." ஒருத்தன் சிரிச்சான். அவ்வளவுதான், பழையபடி நாக்கு ஒட்டிக்கிருச்சு, வேர்வையில ரவிக்கை நனைஞ்சு போச்சு. இவரு பக்கத்துல எந்திரிக்கிறது தெரியுது. "அவளுக்குக் கூச்சம் சார்"னு ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஆத்திரம் வந்தும் வாய் வரலையே. மயக்கமா வேற வருது. விழுந்து தொலைச்சா அதுவும் கேவலம்னு, மைக்கோட அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். எவன் மூஞ்சியும் கண்ணுல படக் கூடாதுன்னு முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டேன்.

அங்கதான் விசயம். தலையில முந்தானைய இழுத்துப் போட்டுத் தரையில உக்காந்து எனக்கு எங்க பழக்கம்? எழவு வீட்டுல. எங்க ஊருல கேட்டுப் பாருங்க, ஒப்பாரின்னா பஞ்சவர்ணந்தான். நூறு பேரு இருந்தாலும் எரநூறு பேரு இருந்தாலும் எனக்கு ஒண்ணும் செய்யாது. ஒப்பாரியில பொம்பள என்ன வேணாலும் சொல்லலாம். மாமியாளச் சொல்லலாம், சீரு செய்யாத அண்ணன் தம்பியச் சொல்லலாம், வரப்ப வெட்டுன பங்காளியச் சொல்லலாம். முடியிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது. பேசுனா அது செத்தவுகள அவமதிச்ச மாதிரி. அதனால எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நிப்பான். உக்காந்து முந்தானையப் போட்டதும் எனக்கு நாக்கு எறங்கிருச்சு. நான் தொறக்கல டீச்சர், வாய் தானாத் தொறந்துச்சு.

செவத்த வண்டி வருமின்னு – நான்
செருப்பு வாங்கித் தந்தேனே
செருப்பு தேஞ்சு போச்சுதம்மா – எம் மக
சீருடையும் நைஞ்சுதம்மா

பைபாசு வந்ததின்னு – எங்க
பாதைய நீ மறந்தாயே
பையோட நின்ன புள்ள – எம்மா
பாதியில திரும்பிருச்சே

பஸ்ஸுக்கு ஒப்பாரி வச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பேன். முந்தானைக்கு உள்ள இருந்து ஓரமாப் பாக்குறேன். இவரு கை மைக்கப் பிடுங்க வருது. பாதி வழியில நின்னுருச்சு. நின்ன கை மேல போயி, தோள்ல கெடந்த துண்ட எடுத்துக்கிருச்சு. பழக்கம் விடுமா. பீடி குடிச்சவனுக எல்லாம் பீடியக் கீழ போட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டானுக. ஆபீசருக்கு ஒண்ணும் புரியல, இவனுகளப் பாத்து அவரும் எந்திரிச்சு நின்னுட்டாரு.

அதுக்கப்புறந்தான் கூத்து. கொழா ரேடியோ வயக்காடு பூராக் கேக்குமுல்ல. என் கொரலு எல்லாத்துக்கும் தெரியும். பஞ்சவர்ணம் வாயெடுத்து அழுகுறான்னா யாரு போயிருப்பா? நல்லதம்பிதான் போயிட்டாருன்னு முடிவு பண்ணிட்டாளுக. கருதறுத்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் கருக்கருவாளோட, சேத்துக் காலோட, "யாத்தே மாமா போயிட்டாரே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு ஓடி வர்றாளுக. டெப்போ ஆளு அருவாளப் பாத்துட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. வந்தவளுகளுக்கு யாரு செத்தான்னு பாக்க எங்க நேரம். நான் உக்காந்திருக்கவும் வளைச்சு உக்காந்து தோளக் கட்டிக்கிட்டு மாரடிக்க ஆரம்பிச்சுட்டாளுக. ரெண்டு அடி போனப்புறம் ஒருத்தி காதுல, "யாரு மதினி போனது?"ங்குறா. "பஸ்ஸுடி"ன்னேன். அவ ஒரு நிமிசம் யோசிச்சா. அவ மகளும் பள்ளிக்கூடத்த விட்டு நின்னவதான். அவ எடுத்தா பாருங்க அடுத்த பாட்டு, நானே அசந்து போயிட்டேன்.

இதுல எந் தம்பி வேற. அடுத்த ஊருக்காரன், எவனோ போன் போட்டுச் சொல்லிட்டான். அக்கா தாலியறுத்துட்டாளேன்னு, பொறந்த வீட்டுக் கோடிச் சேலையும் ஆளுயர ரோசாப்பூ மாலையுமா பைக்குல வந்து எறங்குறான். எறங்குனா, மச்சான் துண்டக் கையில வச்சுக்கிட்டு எதுத்தாப்ல நிக்கிறாரு. அந்த மாலையப் பாத்த நேரம் எங்க வீட்டுக்காரரு மூஞ்சி இருந்துச்சே. மாலையக் கொடிக்கம்பத்துக்குப் போட்டுட்டோம். கோடிச் சேலைய என்ன செய்யிறது? கட்டவும் முடியாது, திருப்பிக் குடுக்கவும் முடியாது, கடையில கேட்டா எழவுக்கு எடுத்தத மாத்தித் தர மாட்டோம்னுட்டான்.

ஆனா ஒண்ணு. எந்தக் கிராம சபைக்கும் எங்க ஊரு பொம்பளைக அம்புட்டுப் பேரு வந்ததில்ல. ஆபீசரு, பாட்டு முடியிற வரைக்கும் நின்னுட்டு, தீர்மானம் எழுதுங்கப்பான்னாரு. அருவாளு வச்சிருந்தவளுக எல்லாம் கைநாட்டும் கையெழுத்துமாப் போட்டாளுக. சித்திரையில வண்டி வந்துருச்சு. அன்னைக்கு வேற மாலை வாங்கி, வண்டிக்குப் போட்டேன்.

ஏண்டி இடுப்பச் சுரண்டிக்கிட்டே இருக்க? ஒக்கார எடம் இல்லையா? சும்மா இரு.

இவரு எங்கூட ரொம்ப நாளு பேசல. உசுரோட இருக்குற புருசனுக்கு ஒப்பாரி வச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. நான் உங்களுக்கா வச்சேன், பஸ்ஸுக்குத்தான வச்சேன்னா, கேக்க மாட்டாரு. அடுத்த கூட்டம் வந்துச்சு. எம் பக்கத்துல பழையபடி நாக்காலிய இழுத்துப் போட்டாரு. நான் சொல்லிட்டேன், "நீங்க டீக்கடையில இருங்க, வேணும்னா கூப்புடுறேன்"னு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரு. இன்னைக்கு வரைக்கும் கூப்புடல. எங்க கூட்டம்னாலும் அவருக்கு டீக்கடைதான். இன்னைக்கும் பைக்குல முன்னாடியே போயிட்டாரு, யூனியன் ஆபீசுக்கு எதுத்தாப்ல இருக்குற கடையில உக்காந்திருப்பாரு பாருங்க. பாவமாத்தான் இருக்கும். என்ன செய்ய, மத்தவுக வாய ஒருத்தர் எடுத்துக்கக் கூடாதுல்ல.

பயமா? எனக்கா? இப்ப மைக்கு எங்க இருந்தாலும் எனக்குக் கை தானாப் போயிரும். கலெக்டர் ஆபீசுல பேசியிருக்கேன். பேங்குல பேசியிருக்கேன். கலியாண வீட்டுல வாழ்த்திப் பேசுங்கன்னா முகூர்த்தம் தாண்டுற வரைக்கும் பேசுவேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பேசிக்கிட்டே இருக்கேன், அந்தப் பெரிய வாத்தியாரு மைக்கு ஒயர உருவிட்டாரு. பொறாமை. பொம்பள பேசுனா பொறுக்காது.

இவளையும் தேத்தி விட்டுரணும்னுதான் பாக்குறேன். வந்து ரெண்டு வருசமாச்சு, வீட்டுல பேச்சே கெடையாது. நான் பேசுவேன், அவ கேப்பா. காலேசுல பேச்சுப் போட்டியில கப்பு வாங்குனவன்னு அவ அம்மா சொன்னா. கப்பு இருக்கு, பொய் இல்ல, அலமாரியில நாலஞ்சு இருக்கு, நான் ஊறுகா பாட்டிலுக்குப் பின்னாடி தள்ளி வச்சிருக்கேன். எங்க வீட்டுக்கு வந்தப்புறந்தான் இந்தக் கூச்சம் வந்திருக்கு போல. என்னன்னு தெரியல. சாமிக்குக்கூட நேந்திருக்கேன்.

மனு குடுக்கும்போது ஆபீசருக ஏதாச்சும் கேப்பாங்க. நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கிறேன்னு வீட்டுலயே சொல்லித்தான்...

ஏய், எதுக்குடி எந்திரிக்கிற? வண்டி ஓடிக்கிட்டிருக்கு.

யாரு டீச்சர் இப்பக் கத்துனது? டிரைவரு பிரேக்கு போட்டுட்டாரு, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. இவளா? எம் மருமகளா "வண்டிய நிப்பாட்டுங்க"ன்னது? கொழா ரேடியோ வச்ச மாதிரியில்ல இருந்துச்சு.

என்னது, யூனியன் ஆபீசு தாண்டிருச்சா? அப்பவே தாண்டிருச்சா? ஏண்டி, வாயில ஆணியா அடிச்சிருக்கு, சொல்ல வேண்டியதுதான? சொன்னியா? எப்ப சொன்ன? நான் சும்மா இருன்னனா?

மணி என்ன டீச்சர்? ரெண்டே முக்காலா. ஐயோ.

ஏப்பா கண்டக்டரு, வையாத, நாங்க என்ன... அவகிட்டயே பேசிட்டானா? அவ என்ன சொன்னா, இவன் வாய மூடிட்டுப் படியில வழி விடுறான்? சரிடி, எறங்கு, எறங்கு. ஓட்டமும் நடையுமாப் போனாப் பிடிச்சிரலாம். அங்க போனதும் நீ மூச்சு வாங்கிக்க, நான் பேசிக்கிறேன்.

என்ன?

நீயே பேசிக்கிறியா?

சரி, பேசு. யாரு வேணாம்னா. நான் பக்கத்துல சும்மா நிக்கிறேன், வாயே தொறக்க மாட்டேன். அதுவும் வேணாமா? பெறகு நான் எங்கிட்டு இருக்குறதாம்?

டீக்கடையிலயா?

அங்க உன் மாமனாருல்லடி உக்காந்திருக்காரு.